மூணு வோல்ட் எங்கே சார் போச்சு?

வண்டி நின்றுபோனால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? நான் பெட்ரோல் டாங்க்கைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பேன். அப்புறம் வண்டியை இப்படியும் அப்படியும் குலுக்கி, 'களக் களக்' சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் என் மெக்கானிக் ஞானம் அத்தோடு முடிந்தது. அடுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிளக்கை விரலால் இரண்டு தட்டு தட்டுவேன். அது எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கப்பா தட்டுவார், நானும் தட்டுகிறேன். நான் பி.காம். சார்!

இரண்டு மாதம் முன்னால் ஒரு ராத்திரி இந்த வித்தை எதையும் காட்ட நேரம் இல்லாமல் போய்விட்டது.

மணி ஒன்பதரை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஈவினிங் டியூட்டி. (நர்ஸ். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள். நான் எழுத்தாளன்.) அவளைக் கூட்டிக்கொண்டு, நடுவில் ஆறு வயதுப் பையனை சாண்ட்விச் மாதிரி வைத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் யூ டர்ன் அடிக்கிறேன். பாதித் திருப்பத்தில் வண்டி 'பொத்'தென்று அணைந்துவிட்டது. இன்ஜின் மட்டும் இல்லை. ஹெட்லைட், மீட்டர் எல்லாமே அணைந்து ஒரே இருட்டு. எதிரே தாம்பரம் பஸ் ஒன்று விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வருகிறது. ஹாரன் அடிக்கலாம் என்றால் அதுவும் செத்துப்போச்சு.

"அப்பா, கரன்ட் கட்டா?" என்றான் பையன்.

காலால் உந்தி உந்தி எப்படியோ மீடியன் ஓரம் ஒண்டிவிட்டோம். பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. டிரைவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

ஹேண்டில் பாரை நேராக்கி, சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். செல்ஃபை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி 'விர்ர்' என்று கிளம்புகிறது! மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும், இன்ஜின் படம் போட்டது, எரிந்துகொண்டே இருந்தது.

"திரும்பும்போதுதாங்க நிக்குது" என்றாள் மனைவி. குரல் நடுங்கியது. "போன வாரம் ஆஸ்பத்திரி வாசல்லயும் இப்படித்தான், திரும்பறப்ப நின்னுச்சு."

"திரும்பறதுக்கும் கரன்ட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றேன் நான்.

இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்காக நான் நிறைய அனுபவித்தேன்.

அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்தக் காலத்து புல்லட்டில் ஹெட்லைட் மூடி மேலே ஒரு குட்டி ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள் ப்ளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்கு வரவு. மைனஸ் பக்கம் சாய்ந்தால் செலவு. அந்த ஒரு முள்ளைப் பார்த்து ஜாதகமே கணிப்பார்கள் பழைய மெக்கானிக்குகள். இப்போது முள் கிடையாது, விளக்குதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததும் புது வண்டிகளில் கார்புரேட்டர் விடைபெற்று, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரும் அதை ஆட்டிவைக்கிற ஈ.சி.யு. என்கிற குட்டிக் கம்ப்யூட்டரும் குடிவந்தன. இந்தக் கம்ப்யூட்டர் காற்றழுத்தம், சூடு, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பல இடங்களிலிருந்து ஓயாமல் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட் கோக்குமாக்காக வந்தால் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளும்.

அந்த நம்பரை இரண்டு விதமாகப் படிக்கலாம். சில வண்டிகளில் விளக்கே கண்ணடித்துச் சொல்லும். நீளமாக ஒரு தரம் எரிந்தால் பத்து, குட்டியாக எரிந்தால் ஒன்று. ஐந்து நீளம், நாலு குட்டி என்றால் 54. ஹோண்டாவின் பல மாடல்களில் 8 என்றால் ஆக்ஸிலேட்டர் சென்சார் சமாசாரம். 54 என்றால் வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார். (நடுத்தெருவில் குந்திக்கொண்டு விளக்கு கண்ணடிப்பதை எண்ணினால், போகிறவர் வருகிறவர் உங்களைத்தான் எண்ணுவார்கள்.) இன்னொரு வழி, சீட்டுக்கடியில் இருக்கிற கப்ளரில் ஸ்கேனரைச் செருகுவது. அது 'பி'-யில் ஆரம்பித்து நாலு இலக்கம் காட்டும். பி என்றால் இன்ஜின் வகையறா. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட பாஷை.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். பெயர் வேண்டாம். ஏ.சி. ஹால், காபி மெஷின், 'சார்' என்பதைப் பத்து செகண்டுக்கு ஒருதரம் சொல்கிற டி-ஷர்ட் பையன். ஸ்கேனரைச் செருகினான்.

"பி 0562 சார். சிஸ்டம் வோல்டேஜ் லோ சார். பேட்டரி வீக் சார்."

பேட்டரி மாற்றினார்கள். 1,450 ரூபாய். விளக்கு அணைந்தது. எட்டாம் நாள் அதே யூ டர்னில் வண்டி அணைந்தது. மறுபடி ஸ்கேனர், மறுபடி 0562. "அப்ப சார்ஜிங் சார். ஆர்.ஆர். யூனிட் சார்" என்றான். 1,900 ரூபாய். பதினோராம் நாள் மறுபடி அதே கதை. இந்தத் தடவை மனைவி என் பின்னால் இல்லை. "நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன். வண்டி சரியான பிறகு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். ராத்திரி ஒன்பதரைக்கு ஷேர் ஆட்டோ சுலபமாகக் கிடைத்துவிடுகிற ஏரியா இல்லை எங்களுடையது. வாரத்துக்கு நாலு ராத்திரி அவள் வந்து சேரும்வரை பையனும் நானும் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மூன்றாவது தடவை பையன், "ஈ.சி.யு. மாத்திப் பார்க்கலாம் சார்" என்று ஒரு தொகை சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் ஆறு மாத எழுத்துக்கூலி. நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பாய் கடைக்குப் போய்விட்டேன்.

பாய் கடை என்பது ஒரு வேப்பமரம், ஒரு தகர ஷெட், ஒரு டயர். டயர் மேல் பாய். எங்கப்பா காலத்திலிருந்தே எங்கள் வண்டிகளுக்கு அவர்தான் டாக்டர். இந்தப் புது வண்டி வாங்கிய பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. வாரன்டி போய்விடும் என்று பயம். தெருவில் எதிரே வந்தால் மொபைல் பேசுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு தாண்டியிருக்கிறேன். என்னைப்போல எத்தனையோ பேர். 2020-க்கு அப்புறம் கார்புரேட்டர் டியூனிங் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, கடையில் இரண்டு பையன்கள் இருந்தது போய், இப்போது அவரும் அவர் மகனும் மட்டும். மகன் தவணையில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறான்.

"வாங்க தம்பி" என்றார் பாய், நேற்றுத்தான் வந்துபோன மாதிரி. அன்றைக்கு மனைவிக்கு வீக்லி ஆஃப். 'இந்தத் தடவை நானும் வரேன்' என்று கூடவே வந்திருந்தாள்.

மகன் ஸ்கேனரை எடுத்தான். பாய் கையமர்த்தினார். "இரு. மொதல்ல கேப்போம். எப்ப நிக்குது, எங்க நிக்குது, நின்னா எதெது அணையுது?"

மூன்று கேள்வி. மூவாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் ஆரம்பிப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். "திரும்பும்போதுதாங்க பாய். அதுவும் ரைட்ல முழுசா ஒடிக்கும்போது. எல்லாமே அணைஞ்சுடுது. நேரா வச்சா உயிர் வந்துடுது." நர்ஸ் அல்லவா, கேஸ் ஷீட் மாதிரி சொன்னாள். பாய் அவளைப் பார்த்து, "நீங்க பாதி வேலைய முடிச்சிட்டீங்கம்மா" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அதற்கே நன்றி.

அப்புறம் ஸ்கேனர் போட்டார்கள். அதே 0562. "மெஷின் பொய் சொல்லல தம்பி" என்றார் பாய். "கம்ப்யூட்டருக்கு வோல்டேஜ் கம்மியா வந்துச்சு, அவ்ளோதான் அது சொல்லுது. பேட்டரி கெட்டுப்போச்சுன்னு அது எங்க சொல்லுச்சு?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. என் பாஷையில் சொல்கிறேன். மனைவியின் சம்பளம் எவ்வளவு என்பது வேறு. பி.எஃப்., லோன், சொசைட்டி எல்லாம் பிடித்தது போக வீட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பது வேறு. ஈ.சி.யு. பேட்டரியைப் பார்ப்பதில்லை. தன் வாசலுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைத்தான் பார்க்கிறது. கோடு காட்டுவது எந்தக் கணக்கில் துண்டு விழுகிறது என்பதை. யார் கை வைத்தார்கள் என்பதை இல்லை.

பாய் மீட்டரை எடுத்தார். (டிஜிட்டல் மல்டிமீட்டர் சார், சில நூறு ரூபாய்தான். நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.) வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரி 12.7 வோல்ட். 12.6-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நிறைந்த பேட்டரி. 12-ஐத் தொட்டால் காலி என்று அர்த்தம். செல்ஃபை அழுத்தினபோது 10.8. பத்துக்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டுமாம். இன்ஜின் ஓடும்போது 14.1. பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவே இருந்தால் சார்ஜிங் சரி. ஆக பேட்டரி நல்லது, ஆர்.ஆர். யூனிட்டும் நல்லது. "பழசுங்களும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் பாய். இதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஆகவே, பேட்டரிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலே எங்கேயோ ஒழுகுகிறது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ஒயர் மேலே ஏறி ஹேண்டில் பார் நடுவே இருக்கிற சாவி ஸ்விட்ச்சுக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடி கீழே இறங்கி எல்லோருக்கும் பட்டுவாடா. மகன் மீட்டரை 'பீப்' சத்தம் போடும் இடத்தில் வைத்து ஒயரின் இரண்டு முனையையும் தொட்டான். 'பீப்' என்றது. ஹேண்டிலை ரைட்டில் ஒடித்துத் தொட்டான். அப்போதும் 'பீப்.' "ஒயர் நல்லாருக்கு வாப்பா" என்றான்.

பாய் சிரித்தார். ஷெட்டுக்குள் போய் ஒரு சாமானை எடுத்துவந்தார். பழைய ஹெட்லைட் பல்பு, 35 வாட், அதில் பற்றவைத்த இரண்டு ஒயர். அவ்வளவுதான்.

"அந்த மீட்டர் பீப்புக்கு விடுற கரன்ட்டு எறும்பு மாதிரி. நூல் பாலத்துல எறும்பு போயிடும். லாரிய விட்டுப் பாரு" என்றார்.

சாவியை ஆன் செய்து, ஸ்விட்ச்சிலிருந்து வெளியே வருகிற ஒயரில் பல்பை மாட்டினார். இன்னொரு முனை நேரே பேட்டரி மைனஸில். பல்பு பளிச்சென்று எரிந்தது. மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி ப்ளஸ்ஸில் வைத்து, கறுப்பு முனையைப் பல்பு மாட்டிய இடத்தில் வைத்தார். 0.3 வோல்ட். "இது வழிச்செலவு. ஸ்விட்ச்சு, கப்ளர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கும். தப்பில்ல. இப்ப ஒடிங்கம்மா."

மனைவிதான் ஹேண்டிலைப் பிடித்திருந்தாள். ரைட்டில் மெதுவாக ஒடித்தாள். பல்பு மங்கி, கறுத்து, கோயில் அகல் மாதிரி ஆகிவிட்டது. மீட்டரில் 3.2!

பல்பு முனையில் அளந்தால் 9.2. பேட்டரியில் 12.4. நான் துள்ளிக் குதித்தேன். 3.2-ம் 9.2-ம் கூட்டினால் 12.4! நேராக இருந்தபோது 0.3-ம் 12.1-ம். அதுவும் 12.4! டாலி ஆகிறது சார்! பைசா பாக்கி இல்லாமல் டாலி ஆகிறது!

1494-ல் வெனிஸில் பசியோலி என்கிற பாதிரியார் இரட்டைப் பதிவுக் கணக்கை அச்சில் போட்டார் என்று பி.காம். முதல் வருஷத்தில் படித்து உடனே மறந்திருந்தேன். 1845-ல் கிர்காஃப் என்கிற ஜெர்மானியர், மாணவராக இருக்கும்போதே, மின்சாரத்துக்கு ஒரு விதி எழுதினாராம். ஒரு சுற்றில் பேட்டரி கொடுத்த வோல்ட் அத்தனையும் அந்தச் சுற்றுக்குள்ளேயே செலவாகித் தீரவேண்டும். ஒன்றும் மிஞ்சாது, ஒன்றும் மாயமாகாது. இது எங்கள் ட்ரயல் பேலன்ஸ் இல்லாமல் வேறென்ன? வரவு 12.4. பல்புக்குச் சேரவேண்டியது 12-க்கு மேல். சேர்ந்தது 9.2. நடுவில் மூணு வோல்ட்டை எவனோ கை வைத்திருக்கிறான். ஒரு பல்புக்கே மூணு என்றால், ராத்திரி ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், காயில், இன்ஜெக்டர் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது இன்னும் எவ்வளவு விழுங்குவான்! கம்ப்யூட்டர் மயக்கம் போட்டதில் ஆச்சரியமே இல்லை. (2017-லிருந்து நம் ஊரில் விற்கிற புது வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட்டும் எரிந்தே தீரும். அணைத்துச் சிக்கனம் பண்ண வழியில்லை.)

இதெல்லாம் நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாய் டாங்க்கைக் கழற்றி, ஹேண்டில் கழுத்துப் பக்கம் ஒயர்க்கத்தையைத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கை நின்றது.

"இது யாரு கட்டினது?"

ஒரு பிளாஸ்டிக் டேக். வெள்ளை நிறம். ஒயர்க்கத்தையை ஃப்ரேமோடு சேர்த்து, மூச்சுவிட முடியாமல் இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் கூடவே ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் மேலே ஏறி... ஹேண்டில் பாரில் என் மொபைல் சார்ஜருக்குப் போனது.

நான் கட்டினதுதான் சார். ஆறு மாசம் முன்னால் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் 250 ரூபாய். மாட்டித் தர ஐம்பது கேட்டான். ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க நானே மாட்டினேன். ஒயர் தொங்கக்கூடாது, அழகாக இருக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டேகை இழுத்தேன். ஹேண்டில் திரும்பும்போது ஒயர் தளர்ந்து கூடவே போகவேண்டும். நான் போகவிடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அதே ஒரு இடத்தில் மடங்கி, மடங்கி, உள்ளே இருந்த செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வந்திருக்கின்றன. மேல் உறை மட்டும் ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி முழுசாக இருந்தது. பாய் பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே மூன்றோ நாலோ இழைதான் பாக்கி, அதிலும் பச்சையாகக் களிம்பு.

அந்த மூன்று இழையில்தான் என் பெண்டாட்டி பிள்ளையை உட்காரவைத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டியிருக்கிறேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. டேகைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பையில் போட்டுக்கொண்டாள்.

ரிப்பேர் அரை மணி நேரம். நான் நினைத்த மாதிரி முறுக்கி டேப் சுற்றவில்லை. கெட்ட பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியெறிந்து, அதே தடிமன் புது ஒயர் போட்டார். ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்குமாம். மடங்குகிற இடத்தில் ஜாயின்ட் வந்தால் மறுபடி அங்கேயே அறுந்துவிடும். அதனால் ஜாயின்ட் இரண்டையும் கழுத்தை விட்டுத் தள்ளி, ஒயர் நேராகப் போகிற இடத்தில் வைத்தார். மேலே ஸ்லீவ். கழுத்தில் கொஞ்சம் தாராளமாக ஒயர் விட்டார். "ஜாக்கெட்டுக்கு அக்குள்ல துணி விடற மாதிரி" என்றாள் மனைவி. பாய் ஒப்புக்கொண்டார்.

வேலை பார்த்துக்கொண்டே பாய் சொன்னதில் இரண்டை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுகிற பழைய வித்தை ஒன்று உண்டே, அதைப் புது வண்டியில் கனவிலும் செய்யாதீர்கள். வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரே போய்விடலாம். இரண்டாவது, விளக்கு எரிந்தால் கோடை அழிப்பதற்கு முன்னால் ஒரு பேப்பரில் எழுதிவையுங்கள், எந்த இடத்தில், எப்போது எரிந்தது என்பதோடு. (வாட்டர் வாஷில் கப்ளருக்குள் பைப்பைப் பிடிக்காதே என்றும் சொன்னார். அதை எத்தனை பேர் கேட்கப்போகிறார்கள்!)

ஸ்கேனரை மட்டம் தட்டுவாரோ என்று எதிர்பார்த்தேன். இல்லை. "அந்த நம்பர் வரலேன்னா நான் பிளக்கு, காயிலுன்னு ரெண்டு நாள் பிச்சுப் போட்டிருப்பேன் தம்பி. எந்தத் தெருன்னு அது சொல்லிடுச்சு. வீட்டக் கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை" என்றார். மகனிடம், "பல்பு டெஸ்ட்டு எழுதிக்க" என்றார். அவன் மொபைலில் படம் எடுத்துக்கொண்டான்.

350 ரூபாய் வாங்கினார். ஐந்நூறாகக் கொடுத்ததற்கு மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் மூன்று பேரும் அதே யூ டர்னுக்குப் போனோம். டெஸ்ட் பண்ணாமல் எப்படி? ரைட்டில் முழுசாக ஒடித்தேன். ஹெட்லைட் கண்கொட்டவில்லை. "இன்னொரு தரம்ப்பா" என்றான் பையன். இன்னொரு தரம் திரும்பினோம்.

ராத்திரி நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பேட்டரி 1,450. ஆர்.ஆர். யூனிட் 1,900. பாய் 350. மொபைல் சார்ஜர் 250. மொத்தம் 3,950. மனைவி பையிலிருந்து அந்த வெள்ளை டேகை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள்.

"மிச்சம் பிடிச்ச ஐம்பது ரூபாய எந்தப் பக்கம் எழுதப் போறீங்க?" என்றாள்.